லசானேயின் இடது கன்னம்

கையில் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் சேஃபா.
அதில் பத்தாயிரம் மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கு
என்று தனியே மடித்து வைத்திருக்கிறேன்.

ரூட்-வோகோ சந்தைக்குப் பின்னால்
அலுமினியப் பானைக் கடையை ஒட்டி
கைமாறிய புரொஜெக்டர்கள் விற்கிறார் இத்ரிஸா.
இன்றைக்கு மூன்று.
மூன்றின் மேலும் ஹர்மட்டான் காற்று
பாரபட்சமில்லாமல் புழுதி பூசியிருக்கிறது.

"நாலாயிரம் லூமென், மதாம்!
பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரியும்."
பட்டப்பகலில் எனக்கென்ன வேலை?
நான் நிறம் திருத்தும் படத்தில்
காணாமல்போன கழுதையைத் தேடி ஒருவன்
அரிக்கேன் விளக்கோடு நடக்கிறான்,
எண்பத்தேழு நிமிடமும் இரவு.

அந்த ஒருவன்தான் என் வண்டியில்
பின்னால் உட்கார்ந்து வந்த லசானே.
பகலில் தையல்காரன்.
கடை ஷட்டரை இறக்கச் சொல்லி
சாம்பல்நிறத் துணியைச் சுவரில் கட்டி
அதன் பக்கத்தில் அவனை நிறுத்தினேன்,
அவன் முகத்துக்குப் பக்கத்தில் அவன் முகம்.
அசையாதே என்றேன்.
அசையாமல் நின்று நடித்தான்.

முதலாவது கருவி
நள்ளிரவை விடியற்காலை ஆக்கியது.
லசானே அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவன்போல்
சாம்பலாய் நின்றான்.
புரொஜெக்டருக்குக் கறுப்பு தெரியாது,
வெளிச்சத்தைக் கொட்டத்தான் தெரியும்.
நிறுத்தத் தெரிந்த ஒன்றைத்தான் தேடி அலைகிறேன்.

இரண்டாவதில் பச்சை ஏறியிருந்தது,
மலேரியாவின் மூன்றாம் நாள்.
மெனுவுக்குள் போய்ப் பச்சையைக் குறைத்தால்
கன்னம் படிக்கட்டு படிக்கட்டாக உடைகிறது.
"எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது"
என்றான் லசானே, அசையாமல்.

மூன்றாவது, இழுத்து மூடிய ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.
லென்ஸ் மூடியில் சாக்பீஸ் விரல்.
ஆயிரத்து நூறு லூமென்தான்.
விளக்கின் ஆயுள் மூவாயிரம் மணி,
எரிந்து தீர்த்தது இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
கிழட்டு ஒட்டகம்போல் இருமிக்கொண்டு எழுந்தது.

அரிக்கேன் வலப்பக்கம்.
இடது கன்னம் இருட்டு.
அந்த இருட்டுக்குள் இன்னொரு இருட்டு,
அதற்கும் உள்ளே கன்னத்தெலும்பு,
எலும்புக்குக் கீழே
அரிசியளவு ஒரு தழும்பு.
ஆறு வாரமாக இந்தக் காட்சியோடு குடித்தனம் நடத்துகிறேன்,
இதுவரை பார்த்ததில்லை.
பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தேன்.
இருந்தது.
லசானே கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டான்,
திரையிலிருந்தவன் தொடவில்லை.

அப்போது மின்சாரம் போனது.
ஷட்டர் இறக்கிய கடை, அடர்ந்த இருட்டு.
நான் கேட்கும் கறுப்பு அதுதான், இலவசமாக.
மூன்று கடை தள்ளி ஜெனரேட்டர் உறுமியதும்
அதுவும் போயிற்று.

"நான்கு முப்பது."
"விளக்கு சாகக் கிடக்கிறது."
"புது விளக்கு அக்ராவிலிருந்து வரும், தொண்ணூறு."
"சாகிறதை ஏன் நான்கு முப்பதுக்கு விற்கிறீர்கள்?"
நான்கு பத்தில் வந்து நின்றார்.
பிரேக் பணத்தையும் பிரித்தேன்.

இயக்குநர் போக்காரி போனில் கத்தினார்:
"ஊர் ஊராகப் போர்வையில்தானே காட்டப்போகிறோம்!
காட்டும் கருவியே பச்சை அடிக்கும்!
உனக்கெதற்கு இது?"
சந்தையில் நூறு தராசு பொய் சொன்னாலும்
எங்காவது ஒரு படிக்கல் சரியாக இருக்கவேண்டும்
என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம்.
சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில்
புரொஜெக்டர் லசானே மடியில்.
ஒவ்வொரு சந்திப்பிலும்
செருப்பைத் தேய்த்து வண்டியை நிறுத்தினோம்.
"அந்தத் தழும்பை அழித்துவிடுவாயா?"
முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.
எப்படி வந்தது என்றேன்.
சொன்னான், லாரி இரைச்சலில் கேட்கவில்லை.

மிச்சம் நூற்று நாற்பது மணி நேரம்.
எண்பத்தேழு நிமிடத்தால் வகுத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றாறு தடவை
கழுதையைத் தேடலாம்.